முடக்கில் சொன்னதற்கு எண் இல்லை

எண்பதுகளின் நடுவில், பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் இரண்டு அறை, மூன்று மேசை, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை. தோட்டங்களில் வேலை செய்யும் தாய்மார் பகலில் கைக்குழந்தைகளை எங்கே விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள் என்று கேட்டு எழுதுவது எங்கள் வேலை. எங்களுக்குத் தலைமை தாங்கியவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துப் பேச்சு மாறாதவர். மிஸ் என்று கூப்பிடுவோம். அவருக்குக் கீழே நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி பண்டாரவளையில் ஒரு வாத்தியாரின் மகள். மற்றவள் நான்.

நான் யாருடைய மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஊர் எது என்று கேட்டால் பதுளை டவுன் என்பேன். படித்ததும் விடுதியில் தங்கியதும் டவுனில்தான், ஆகவே முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அம்மா ஸ்டோரில் வேலை செய்தாள். தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். சலிக்கிற மெசினுக்குத் தப்பி வந்த காம்பையும் நாரையும் கையால் பொறுக்கி எடுக்கிற வேலை. அறுபதுகளின் கடைசியில், நான் சின்ன வகுப்பில் படித்தபோது, லீவு நாட்களில் அவளுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவேன். தரையில் சாக்கை விரித்து, காலை நீட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தலையிலும் புருவத்திலும் தேயிலைத் தூசி படிந்திருக்கும். அம்மா குனிந்த தலை நிமிராமலே ஒரு கையை நீட்டித் தூக்குச்சட்டியை வாங்குவாள். டவுனில் சிஸ்டர்மாரின் பள்ளியில் சேர்ந்த பிறகு நான் அந்த வாசலுக்குள் போகவில்லை. சட்டியை வெளியே வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

அந்தச் சாக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். பின்னால் நான் செய்த காரியத்துக்குப் பெரிய காரணங்கள் எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக.

மிஸ் எங்களுக்குக் காட்டித் தந்த முறை எளிதானது. பேட்டியில் ஒருவர் சொல்வதைச் சொன்னபடியே, ஆளுக்கொரு கொப்பியில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு செய்தியையும் ஒவ்வொரு துண்டுத் தாளில் படியெடுக்க வேண்டும். துண்டுகளையெல்லாம் தரையில் பாய் விரித்துப் பரப்பி, ஒன்றோடொன்று சேருகிறவற்றைக் கும்பல் கும்பலாக வைக்க வேண்டும். எதிலும் சேராமல் நிற்கிற துண்டை எறிந்துவிடக் கூடாது, அதைத்தான் முதலில் திரும்பப் படிக்க வேண்டும் என்பார்.

முதல் தோட்டத்துத் துண்டுகளை அப்படிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில், கீழ்க் கடை முதலாளி ஒழுகுகிற மூலையைப் பார்க்க மேலே வந்தார். பதுளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் வியாபாரி. நல்ல மனுசர், யாரிடமும் வாய் கொடுக்காமல் இருக்கமாட்டார்.

"என்னா தங்கச்சிமார், கீழ நான் புடவ விக்கிறேன், மேல நீங்க ஸ்டோரு தொறந்துட்டீங்களா? காம்பு பொறுக்குற மாதிரியில்ல இருக்கு!"

வாத்தியார் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மிஸ்ஸும் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் சட்டென்று மடக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. தெரிந்தால் அப்படிப் பேசியிருக்கவும் மாட்டார். ஆனாலும் அந்தப் பாயை மறுபடி விரிக்கிற நாள் வரவே கூடாது என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த வாரம் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலும் ஒரு மணி நேரம் நடை. அந்தத் தோட்டத்தில் மேலே ஒரு பிரிவு, கீழே ஒரு பிரிவு. மேக்கணக்கு, பணியக்கணக்கு என்பார்கள். இரண்டிலும் ஒவ்வொரு பிள்ளைக்காம்பரா இருந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற அறை அது. பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருப்பாள். இரண்டு வேண்டுமா, ஒன்று போதுமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்பது எங்களுக்கும் தெரியும், லயத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

மேக்கணக்கில் நான் கேட்கப்போன பெண் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். மடியில் ஐந்து மாதப் பிள்ளை. அன்றைக்குக் காய்ச்சல் என்று, காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருந்த ஒரே நாற்காலியை எனக்குத் தந்துவிட்டு, கீழே உட்கார்ந்தாள்.

"புள்ளக்காம்பரா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க மிஸ். ஒரு கொறையும் இல்லீங்க."

"உங்க புள்ளைய அங்க விடுறீங்களா?"

"இல்லீங்க. நானே பாத்துக்கிறேங்க."

இரண்டையும் எழுதிக்கொண்டேன். லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரை போகாது. அடுத்த காம்பராவில் கங்காணியின் தங்கை குடும்பம். யாரோ அங்கே பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவள் எனக்கு ஒரு கோப்பை பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் தந்தாள். குடித்து முடித்துக் கொப்பியை மூடினேன். அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

வந்தவரை முடக்கு வரை கொண்டுபோய் விடுவது லயத்து வழக்கம். பாதை வளைகிற இடம்தான் முடக்கு. அதைத் தாண்டினால் லயம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குள் வைத்து யாரும் குறை சொல்லமாட்டார்கள். சுவருக்குக் காது என்பதற்காக மட்டுமில்லை, வீட்டுக்கு வந்த ஆளிடம் நம் இல்லாமையைச் சொல்வது மரியாதை இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் கூடவே நடந்து முடக்குக்கு வந்து சொல்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான். என்னைப் பள்ளியில் சேர்க்க முன்னால் ஒரு சிஸ்டர் எங்கள் லயத்துக்கு வந்தார். வீட்டுக்குள் அம்மா, "ஆண்டவர் புண்ணியத்துல ஒண்ணுக்கும் கொறச்சல் இல்லீங்க சிஸ்டர்" என்றாள். முடக்குக்குப் போனதும், எனக்குச் சப்பாத்து இல்லை, வெள்ளைச் சட்டை இல்லை, அதனால் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள் என்று அழுதாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆகவே இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை.

மடுல்சீமைப் பெண்ணும் முடக்கில் நின்றாள். ஒரு யூக்கலிப்டஸ் மரம், அதன் கீழே ஒரு கல். பிள்ளையின் தலையில் துண்டைப் போர்த்திவிட்டுப் பேசினாள்.

"மிஸ், ஆயாவ வாரத்துல பாதி நாளு கண்டாக்கையா வீட்டுக்குச் சமைக்கக் கூப்பிட்டுக்கிறாங்க. புள்ளைக தனியாக் கெடக்குதுங்க. அதான் நாங்க யாரும் விடுறதில்ல. நான் தேயிலச் செடிக்கு அடியில படங்குச் சாக்க விரிச்சுப் புள்ளையப் போட்டுட்டுத்தான் கொழுந்தெடுக்கிறேன். கங்காணி பாத்தா ஏசுறாரு."

கண்டாக்கையா என்றால் பிரிவு முழுவதையும் மேற்பார்வை செய்கிற உத்தியோகத்தர். அவரைப் பற்றி வீட்டுக்குள் வைத்து யார் வாய் திறப்பார்கள்?

"ஆனா மூடச் சொல்லி மட்டும் எழுதிறாதீங்க. பணியக்கணக்குக்கு எறங்கிப் போயி நேரத்துக்குப் பால் குடுத்துட்டு வர முடியாதுங்க. அந்தம்மா அங்கயே இருக்கணும்னு எழுதுங்க, போதும். எம் பேரப் போட்டுறாதீங்க."

"எழுதுறேன்" என்றேன்.

எழுதவும் செய்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில், அவள் சொன்னபடியே. மேக்கணக்கில் நான் கேட்ட மற்றப் பெண்களின் கொப்பிகளிலும் கடைசிப் பக்கத்தில் இப்படி ஏதாவது இருந்தது. பேட்டிக்கு மிஸ் தந்த கேள்விகள் பன்னிரண்டு. கடைசிப் பக்கத்தில் இருந்தது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

எல்லாத் தோட்டமும் முடிந்து அறுபது சொச்சம் கொப்பிகள் சேர்ந்தபோது மிஸ் கொழும்பிலிருந்து ஒரு செய்தியோடு வந்தார். அங்கே ஓர் அலுவலகத்தில் கணினி வந்திருக்கிறது. மென்பொருள் என்ற சொல் அப்போது எங்கள் வாயில் வராது, புரோகிராம் என்றோம். ஆட்கள் பேசியதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் வகை எண் போட்டுக் கொடுத்துவிட்டால், எந்த எண் எந்த எண்ணோடு சேர்ந்து வருகிறது என்று அந்தப் புரோகிராம் எண்ணித் திரட்டி அச்சடித்துத் தந்துவிடும். நாங்கள் பாயில் இரண்டு மாதம் செய்கிற வேலை இரண்டு நாளில் முடியும்.

மிஸ்ஸுக்கே முழு மனம் இல்லை. "ஆயிரம் கொப்பி எண்டால் வேற வழியில்லை. எங்களிட்ட இருக்கிறது அறுபதுதானே. அதோட, மெசினுக்குக் குடுக்க முன்னம் என்னென்ன வகை எண்டு நாங்களே முடிவு செய்திட வேணும். எங்களுக்கு அவ்வளவு தெரியுமோ? நான் தோட்டத்துக்குப் போகேல்லை, நீங்கள்தான் போனனீங்கள். யோசிச்சுத் திங்கக்கிழமை சொல்லுங்கோ."

நான் யோசிக்கவே இல்லை. அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் என் கண்ணுக்குள் இருந்தது அந்தப் பாயும் முதலாளியின் சிரிப்பும்தான். அறுபது கொப்பியின் துண்டுகளையும் பரப்பிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும்போது யாராவது தோட்டத்து ஆள் மேலே வந்து, "இது அந்த ஸ்டோர் பொம்பளையோட மக இல்ல?" என்று கேட்டுவிட்டால்? படித்து, விடுதியில் கிடந்து, பேச்சை மாற்றி, நடையை மாற்றி, கடைசியில் நானும் அம்மாவைப் போலத் தரையில் உட்கார்ந்து பொறுக்குவதற்கா? கணினி என்ற சொல்லைச் சொல்லும்போதே எனக்கு முதுகு நிமிர்ந்தது.

திங்கட்கிழமை நான்தான் பேசினேன். ஆளுக்கு ஆள் விருப்பு வெறுப்பு இருக்கும், மெசினுக்கு இருக்காது என்றேன். கையால் செய்தால் கொழும்பில் மதிக்கமாட்டார்கள் என்றேன். வாத்தியார் மகள் தயங்கினாள்.

"எங்கிட்ட எல்லாரும் வாசலத் தாண்டின பெறகுதான் பேசுறாங்க மிஸ். அத எந்தக் கேள்வியில சேக்கிறது?"

மிஸ் என் பக்கம் திரும்பினார். "உம்மடை கொப்பியளிலையும் கடைசிப் பக்கத்தில இருக்குதே. அதை என்ன செய்யிறது?"

"அது பேட்டி இல்ல மிஸ்" என்றேன். "வழியில சும்மா பேசுறது. லயத்து ஆளுக வழியனுப்புறப்ப எதையாவது சொல்லத்தான் செய்வாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் வாத்தியார் மகள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கேள்விப்பட்டிருக்கேன்."

இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அந்த ஒரு சொல்லைச் சொன்ன வாய் என் வாய்தான் என்று நினைக்கக் கூசுகிறது. பண்டாரவளை டவுனில் வளர்ந்தவள் நாலு நாள் லயத்துக்குப் போய்வந்து கண்டுகொண்டதை, லயத்தில் பிறந்த நான் இல்லை என்று சாதித்தேன். மிஸ் கையிலிருந்த கொப்பியை மூடி வைத்துவிட்டு, "சரி, நீர் போய்க் கேட்டனீர். உமக்குத்தானே தெரியும்" என்றார்.

வகைகளுக்கு எண் போட்டோம். பிள்ளைக்காம்பராவில் குறை இல்லை என்பதற்கு நான்கு. பிள்ளையை அங்கே விடுவதில்லை என்பதற்கு ஒன்பது. மெசினின் மேல் பழியைப் போடமாட்டேன். முடக்கில் சொன்னது என்று இன்னும் ஓர் எண்ணைப் போட்டிருந்தால் அதையும் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைப் போடுவதற்குக் கடைசிப் பக்கங்களைப் படியெடுத்து, பரப்பி வைத்து, எது எதோடு சேரும் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பாய் விரிக்க வேண்டும்.

எண்கள் எழுதிய தாள்களைக் கொழும்புக்குக் கொண்டுபோனவளும் நான்தான். கணினி அறை குளிர்ந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலுக்குள் போகிற பயத்தோடு போனேன். இரண்டாம் நாள், ஓரமெல்லாம் துளை போட்ட நீளத் தாள் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. மேக்கணக்கு வரிசையில் நான்கும் ஒன்பதும் சேர்ந்தே வந்திருந்தன, ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும். திரும்பி வரும் ரயிலில் அந்தத் தாள்கட்டை மடியை விட்டு இறக்கவில்லை. தெமோதரையில் ரயில் நின்றது. இறங்கி நடந்தால் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். தாள் கசங்கிவிடும் என்று இறங்கவில்லை.

அறிக்கையை மிஸ் எழுதினார். இருந்ததை வைத்துத்தானே எழுத முடியும்? மேக்கணக்குத் தாய்மாருக்குப் பிள்ளைக்காம்பராவில் குறை எதுவும் இல்லை, ஆனால் பிள்ளைகளை அங்கே விடுவதும் இல்லை, தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். படிக்கிற எவருக்கும் ஒரே பொருள்தான் படும்: அங்கே அது தேவையில்லை. நாலு மாதம் கழித்து, மேக்கணக்குப் பிள்ளைக்காம்பராவை மூடிவிட்டார்கள், எல்லோரும் பணியக்கணக்குக்குத்தான் போக வேண்டுமாம் என்று வாத்தியார் மகள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போன பிறகு அலமாரியைத் திறந்து மேக்கணக்குக் கொப்பிகளை எடுத்தேன். கடைசிப் பக்கங்களைத் துண்டுகளில் படியெடுத்தேன். பாயை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்று நினைக்கிறீர்கள்? வெயில் ஜன்னலை விட்டுப் போவதற்குள் முடிந்துவிட்டது. ஒரே ஒரு பெரிய கும்பல். ஆயாவைச் சமையலுக்குக் கூப்பிடுகிறார்கள், மூடிவிடாதீர்கள், என் பெயரைப் போடாதீர்கள். பெண்கள் வேறு வேறு, சொன்னது ஒன்று.

மறுநாள் மிஸ்ஸிடம் துண்டுகளைக் கொடுத்தேன். நான் பிறந்த லயத்தையும், அம்மாவையும், சாக்கையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏனம்மா அண்டைக்கே சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். நிர்வாகத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. இன்னொரு கடிதம் எழுதினார். முடிவு எடுத்தாகிவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

பிறகு நான் மடுல்சீமைக்குப் போனேன். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பிள்ளைக்காம்பராவின் கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உர மூட்டைகள். வேலை நாள். எதிர் மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் லயத்து வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வேலையிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தவழத் தொடங்கிய பிள்ளையை இனிச் செடிக்கு அடியில் போட்டுவிட்டுப் போக முடியாது. பிள்ளையை விட இடம் இல்லாதவளுக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை.

"வாங்க மிஸ்" என்றாள். அதே நாற்காலி. பிளேன்டீ வந்தது, கருப்பட்டி வந்தது.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோங்க. ஒரு கொறையும் இல்லீங்க."

அடுத்த காம்பராவில் ஆள் நடமாட்டம் கேட்டது. நானும் லயத்தில் பிறந்தவள்தானே. சொல்ல வந்ததை வீட்டுக்குள் வைத்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. முடக்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். நீங்கள் சொன்னதை எழுதினேன், ஆனால் கொடுக்கவில்லை. கொடுக்காததற்குக் காரணம் வெட்கம், வேறொன்றும் இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்காக நின்றேன்.

அவள் வாசலிலேயே நின்றாள். பிள்ளையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"பாத்துப் போங்க மிஸ்" என்றாள்.

முடக்கு வரை தனியாக நடந்தேன். மரத்தடியில் அந்தக் கல்லின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.